அந்த நீளச் சீட் யாருக்காக?

கேள்வி: ஐயா, பன்விலவுக்கு மேலே ஒரு தோட்டத்தின் மேல்கணக்கில் எங்கள் லயம். பக்கத்தில் உள்ள விருந்தினர் பங்களா ஒன்றில் வேலை செய்கிறேன். எங்கள் முதலாளி பழைய நாலு சக்கர பைக் ஒன்று வாங்கி வந்திருக்கிறார். ஏ.டி.வி. என்கிறார்கள். ஓட்டுபவர் ஒருவருக்கு மட்டும் என்று சொல்லப்படும் வண்டிதான். ஆனால் சீட் இரண்டு பேர் தாராளமாக உட்காரும் அளவுக்கு நீளம். வருகிற வெளிநாட்டவர்களை ஒவ்வொருவராகப் பின்னால் ஏற்றி, தேயிலை மலைக்குள்ளால் மேலே பாறை வரை கொண்டுபோய்க் காட்டச் சொல்கிறார். புத்தகத்தில் 200 கிலோவுக்கு மேல் ஏற்றலாம் என்று போட்டிருக்கிறதாம். பல வருடமாக மோட்டார் சைக்கிள் ஓட்டும் எனக்கு இது பெரிய வேலையா என்றும் கேட்கிறார்.

இன்னொன்று. அம்மாவுக்கு முழங்கால் வலி. கிளினிக் நாளில் மேல்கணக்கிலிருந்து பஸ் நிற்கும் இடத்துக்கு இறங்கி வருவதற்குள் அழுதுவிடுகிறார். அந்த நாளில் வண்டியைத் தருவதாக முதலாளி சொல்கிறார். அம்மாவைப் பின்னால் வைத்து மெதுவாகக் கொண்டுபோகலாமா?

— பெயர் வெளியிட வேண்டாம், பன்வில

பதில்: ஏற்றாதீர்கள், தம்பி. விருந்தினரையும் வேண்டாம், அம்மாவையும் வேண்டாம். ஆனால் உங்கள் முதலாளியை ஒன்றும் தெரியாதவர் என்று நான் சொல்லமாட்டேன். சீட் நீளம், சுமை எல்லை, உங்கள் அனுபவம் என்று அவர் சொல்லும் மூன்றும் கேட்க நியாயமாகத்தான் இருக்கின்றன. அவரிடம் போய் “பத்திரிகையில் வேண்டாம் என்று போட்டிருக்கிறார்கள்” என்றால் சிரிப்பார். காரணத்தோடு போங்கள்.

முதலில் சீட். அந்த நீளம் இன்னொருவருக்காக விடப்பட்ட இடமல்ல. ஓட்டுபவர் முன்னும் பின்னும் நகர்வதற்கு விடப்பட்ட இடம். ஏ.டி.வி.யை ஹேண்டிலும் பிரேக்கும் மட்டும் ஓட்டுவதில்லை, ஓட்டுபவரின் உடம்பும் சேர்ந்துதான் ஓட்டுகிறது. ஏற்றத்தில் ஹேண்டிலை நோக்கி முன்னால் நகர்ந்து குனிய வேண்டும். இறக்கத்தில் பின்னால் தள்ளி உட்கார வேண்டும். சரிவுக்குக் குறுக்கே போகும்போது மேட்டுப் பக்கமாகச் சாய வேண்டும். வளைவில் உள்பக்கம் சாய வேண்டும். வண்டியை மட்டும் எடுத்தால் பெரும்பாலும் 200 முதல் 350 கிலோ. அதன் மேல் 60, 70 கிலோ உள்ள ஒருவர் இப்படி இடம் மாறி மாறி உட்காரும்போது சமநிலை முழுவதும் மாறுகிறது. பின்னால் ஓர் ஆள் உட்கார்ந்ததும் அந்த இடம் அடைபட்டுப் போகும். நீங்கள் ஒரே இடத்தில் ஆணி அடித்தாற்போல இருந்து ஓட்ட வேண்டிவரும்.

நிறைகூடையோடு மலை ஏறும் அக்காமாரைப் பார்த்திருப்பீர்கள். தலையில் கயிறு, முதுகில் பாரம், உடம்பு முன்னால் வளைந்திருக்கும். அந்த வளைவுதான் அவர்களை விழாமல் வைத்திருக்கிறது. அந்தக் கூடைக்குள் கொழுந்துக்குப் பதில் ஓர் ஆள் இருந்து, பயத்தில் தன்பாட்டுக்குப் பின்னால் சாய்ந்தால் எப்படி இருக்கும்? பின்னால் ஏற்றிய ஆள் உங்களுக்குச் செய்வது அதுதான்.

இனிக் கணக்குக்கு வருவோம். முதலாளிமாருக்குக் கணக்குப் பிடிக்கும். வண்டி 250 கிலோ என்று வைத்துக்கொள்வோம். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 125 சென்ரிமீற்றர். வண்டியின் பாரமையம் அந்த இடைவெளியின் நடுவில், தரையிலிருந்து அரை மீற்றர் உயரத்தில். நீங்கள் 70 கிலோ, உங்கள் உடம்பின் பாரமையம் தரையிலிருந்து ஒரு மீற்றருக்குச் சற்று மேலே. நீங்கள் தனியாக இருக்கும்போது, மொத்தப் பாரமையம் பின் அச்சுக்கு ஏறத்தாழ 59 சென்ரிமீற்றர் முன்னால், 62 சென்ரிமீற்றர் உயரத்தில் விழும். அப்படியென்றால் வண்டி பின்பக்கமாகப் புரள 44 பாகைச் சரிவு வேண்டும். அவ்வளவு செங்குத்தில் யாரும் ஓட்டப் போவதில்லை.

இப்போது 60 கிலோ உள்ள ஒருவர் பின்னால் ஏறி உட்காருகிறார். அவர் உட்காரும் இடம் அநேகமாகப் பின் அச்சுக்கு நேர்மேலே, சில வண்டிகளில் அதற்கும் பின்னால். மொத்தப் பாரமையம் 10 சென்ரிமீற்றர் பின்னால் போகிறது, 7 அல்லது 8 சென்ரிமீற்றர் உயர்கிறது. புரளும் கோணம் 35 பாகையாகக் குறைகிறது. 44க்கும் 35க்கும் பெரிய வித்தியாசமா என்று முதலாளி கேட்பார். சமதரையில் நின்று கேட்டால் பெரிதில்லைதான். உங்கள் பாதையில் 25 பாகை ஏற்றம் ஒன்று வருகிறது என்று வைத்துப் பாருங்கள். தனியாகப் போனால் கையிருப்பு 19 பாகை. ஆளோடு போனால் 10. பாதிதான் மிச்சம். இதுவும் வண்டி அசையாமல் நிற்கும்போது போட்ட கணக்கு. ஏற்றத்தில் எக்ஸலேட்டரை ஒரு முறை அழுத்தினாலே முன் சக்கரம் இலேசாகும். ஒரு கல்லில் ஏறினால் மூக்கு இன்னும் எழும்பும். கான் ஒன்றைக் கடக்கும்போது பின் சக்கரம் அதற்குள் இறங்கி, முன் சக்கரம் கரையில் இருக்கும் அந்த ஒரு நொடியில் மிச்சமிருந்த 10 பாகையும் போய்விடும். தேயிலை மலையில் கான் இல்லாத இடம் எங்கே இருக்கிறது?

நான் எடுத்த அளவுகள் உத்தேசமானவை. உங்கள் வண்டியில் எண்கள் கொஞ்சம் மாறும், போக்கு மாறாது.

அடுத்தது 200 கிலோ. அந்த எல்லை பொய்யல்ல, ஆனால் அது எதற்கான எல்லை என்று பார்க்க வேண்டும். ஓட்டுபவர், முன் ராக்கில் வைக்கும் சாமான், பின் ராக்கில் வைக்கும் சாமான், இழுவைப் பெட்டி இருந்தால் அது கொக்கியில் தரும் பாரம் எல்லாம் சேர்ந்த மொத்தம் அது. சாமானைத் தாழ்வாக வைத்து, இறுக்கிக் கட்டி, முன்னும் பின்னும் பிரித்துப் போடலாம். மனிதரை அப்படிக் கட்டிவைக்க முடியாது. 60 கிலோ உர மூட்டையின் பாரமையம் ராக்குக்குச் சற்று மேலே இருக்கும். 60 கிலோ மனிதரின் பாரமையம் ராக்கிலிருந்து இன்னும் எவ்வளவோ மேலே. அந்த மூட்டையையே ஒரே ராக்கில் போடச் சில வண்டிகளில் அனுமதி இல்லை. பின் ராக்குக்கென்று தனி எல்லை அதன் மேலேயே ஒட்டப்பட்டிருக்கும், போய்ப் பாருங்கள். பக்கத்திலேயே, பின் மட்கார்ட்டிலோ பெற்றோல் தாங்கியின் மேலோ, இன்னோர் ஒட்டுப்பத்திரம் இருக்கும் அல்லது இருந்த அடையாளமாவது இருக்கும். பின்னால் ஒருவர் உட்கார்ந்திருக்கும் படத்தின் மேல் குறுக்குக்கோடு போட்டிருப்பார்கள். பழைய வண்டிகளில் அது உரிந்து போயிருப்பது சகஜம். 2020 மார்ச்சுக்குப் பிறகு பல வருடம் நாட்டுக்குள் புது வாகனம் வராததால் பெரும்பாலானவை கை மாறிக் கை மாறி ஓடியவை. ஒட்டுப்பத்திரம் உரிந்தாலும் வண்டி மாறிவிடவில்லை.

மோட்டார் சைக்கிள் அனுபவத்தைப் பற்றிக் கேட்டீர்கள். கோபிக்காதீர்கள், இந்த விஷயத்தில் அது உங்களைத் தவறாக வழிநடத்தும். மோட்டார் சைக்கிள் வளைவில் தானே சாய்கிறது. பின்னால் இருப்பவர் ஒன்றும் செய்யாமல் இருந்தாலே வண்டியோடு சேர்ந்து சாய்ந்துவிடுவார். ஏ.டி.வி. சாயாது. நாலு சக்கரமும் தரையில் கிடக்க, ஆளைத்தான் வெளிப்பக்கம் தள்ளும். அதற்கு எதிராக நீங்கள் உள்ளே சாய்கிறீர்கள். பின்னால் இருக்கும் விருந்தினருக்கு அது தெரியாது, முன்னால் வருவதும் உங்கள் முதுகு மறைத்துத் தெரியாது. அவர் வெளியே போகிறார், போகும்போது உங்கள் இடுப்பைப் பிடித்து உங்களையும் இழுத்துக்கொண்டு போகிறார். மோட்டார் சைக்கிளில் பின்னால் இருப்பவருக்கு மிதிகட்டை உண்டு, பிடிக்கக் கம்பி உண்டு. ஒற்றை ஆள் ஏ.டி.வி.யில் பிடிக்க எதுவும் இல்லை. கால்கள் தொங்கும், அல்லது சுழலும் பின் டயருக்குப் பக்கத்தில் எங்கேயோ ஒண்டிக்கொண்டிருக்கும்.

இன்னும் ஒன்று. பல மாடல்களில் பின் இரண்டு சக்கரங்களும் ஒரே அச்சில் பூட்டப்பட்டு ஒரே வேகத்தில் சுற்றும். காரில் இருப்பதுபோல வெளிச் சக்கரத்தை வேகமாகவும் உள் சக்கரத்தை மெதுவாகவும் விடும் டிஃபரன்ஷியல் இல்லை. இளகிய மண்ணில் ஒரு டயர் சறுக்கிக் கொடுப்பதால் வண்டி திரும்பும். பின்னால் ஆள் ஏறியதும் பின் டயர்கள் தரையை இறுக்கிப் பிடிக்கும், முன் டயர்களின் பங்கு குறையும். ஹேண்டிலைத் திருப்புவீர்கள், வண்டி நேரே போகப் பார்க்கும். தார் றோட்டில் இது இன்னும் மோசம். வத்தேகமவிலிருந்து பன்வில, ஹுலுகங்கை வழியாக ஏறும் அந்த வளைவுகளில் ஓட்டுவதற்குச் செய்யப்பட்ட வண்டியே அல்ல இது. பதிவும் வருமான அனுமதிப்பத்திரமும் காப்புறுதியும் இல்லாத மோட்டார் வாகனத்தைப் பொது வீதியில் ஏற்றுவது சட்டப்படி குற்றம் என்பது வேறு கதை.

“மெதுவாகக் கொண்டுபோகலாமா” என்று கேட்டிருக்கிறீர்கள். ஏ.டி.வி. விபத்துகளில் நான் அதிகம் பயப்படுவது மெதுவாக நடப்பவற்றுக்குத்தான். நடு ஏற்றத்தில் இன்ஜின் நின்றுபோகிறது என்று வையுங்கள். வண்டி பின்னால் உருளத் தொடங்கும். பதற்றத்தில் பின் பிரேக்கை மட்டும் அழுத்தினால் பின் சக்கரம் பூட்டிக்கொள்ள, முன்பக்கம் எழும்பி மேலே வந்து விழும். செய்ய வேண்டியது வேறு. உடம்பை முன்னால் கொண்டுபோய், முன் பிரேக்கைப் பிடித்து நிறுத்தி, பார்க்கிங் பிரேக்கைப் போட்டு, மேட்டுப் பக்கமாக இறங்க வேண்டும். பின்னால் ஆள் இருந்தால் இதில் எதைச் செய்ய முடியும்? முன்னால் போக விடாமல் அவர் உங்களைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். காலைத் தூக்கி இறங்கலாம் என்றால் அவர் உடம்பு குறுக்கே. அவர் முதலில் இறங்கினால் எந்தப் பக்கம் இறங்குவார்? வண்டி உருண்டு வரும் பக்கம்தான். போதாக்குறைக்கு, இந்த வண்டிகளில் எக்ஸலேட்டர் கட்டைவிரலால் அழுத்தும் சின்ன நெம்பு. பின்னால் விழப்போகும் மனிதனின் கை தானாக இறுகும். இறுகும்போது கட்டைவிரல் அந்த நெம்பை அழுத்தும். நிறுத்த வேண்டிய நேரத்தில் வண்டி பாயும்.

புரண்ட பிறகு நடப்பதையும் சொல்லிவிடுகிறேன். இதில் உயிர் போவது எப்போதும் அடிபட்டு அல்ல. 250 கிலோ நெஞ்சின் மேல் கிடந்து மூச்சுவிட முடியாமல் போனவர்கள் ஏராளம். எலும்பு ஒன்றும் முறியாமலே. இரண்டு பேர் போனால் ஒருவர் மற்றவரைத் தூக்கிவிடலாமே என்று நினைக்கக்கூடும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அடியில் போகவும் கூடும்.

வெளிநாடுகள் இதைப் பட்டுத்தான் படித்தன. ஹொண்டா நிறுவனம் 1970 இல் மூன்று சக்கர வண்டியாக ஏ.டி.வி.யை அமெரிக்கச் சந்தைக்குக் கொண்டுவந்தது. சாவுகள் பெருகப் பெருக, 1988 ஏப்ரலில் அரசுக்கும் உற்பத்தியாளர்களுக்கும் இடையே நீதிமன்ற உடன்படிக்கை ஒன்று வந்தது. மூன்று சக்கர வண்டி விற்பனை நின்றது, எச்சரிக்கை ஒட்டுப்பத்திரமும் பயிற்சியும் உற்பத்தியாளர் பொறுப்பாயின. 2008 இல் வந்த சட்டம் அதுவரை விருப்பப்படி பின்பற்றிய தரநிலையைக் கட்டாயமாக்கியது. அந்தத் தரநிலை ஏ.டி.வி.யை இரண்டு வகையாகப் பிரிக்கிறது. முதல் வகை ஓட்டுபவருக்கு மட்டும். இரண்டாம் வகை ஓட்டுபவரோடு பின்னால் ஒருவருக்கு. வகைக்குத் தகுந்தபடி எச்சரிக்கை வாசகமும் வேறு. இவ்வளவுக்குப் பிறகும் அங்கே ஆண்டுக்குச் சுமார் 1 லட்சம் பேர் இந்த மாதிரி வண்டிகளால் காயப்பட்டு மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு வருகிறார்கள்.

அவுஸ்திரேலியா வேறு வழியில் போனது. பண்ணைகளில் ஆட்கள் புரண்டு புரண்டு செத்ததால் 2019 இல் புதிய தரநிலை கொண்டுவந்தார்கள். 2021 ஒக்டோபரிலிருந்து அங்கே விற்கப்படும் புதிய பொதுப்பயன்பாட்டு வண்டியில் ஓட்டுபவரைக் காக்கும் அமைப்பு இருக்க வேண்டும். பக்கவாட்டில் ஏறத்தாழ 29 பாகை வரையாவது கவிழாமல் நிற்கவும் வேண்டும். ஹொண்டா, யமஹா போன்ற பெரிய நிறுவனங்கள் இதற்கு உடன்படாமல் அந்தச் சந்தையை விட்டே விலகின. யார் சரி என்ற வாதம் இருக்கட்டும். அந்தக் காப்பு அமைப்பில் அதிகம் பொருத்தப்படுவது ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால் நிமிர்ந்து நிற்கும் ஓர் இரும்பு வளைவு. வண்டி புரண்டால் அது தரையில் ஊன்றி, அடியில் கொஞ்சம் இடைவெளி விடும். அந்த வளைவு எழும் இடம் எது தெரியுமா? உங்கள் முதலாளி விருந்தினரை உட்காரவைக்க நினைக்கும் அதே இடம்.

நியூசிலாந்தில் 2014 இல் பால்பண்ணை நடத்திய ஒரு தம்பதிக்கு நீதிமன்றம் 40,000 டொலர் அபராதம் போட்டது. வண்டி புரளவில்லை, யாரும் சாகவில்லை. தலைக்கவசம் போடாமல், பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, எச்சரித்தும் கேளாமல் திரும்பத் திரும்ப ஓட்டியதற்கே அந்தத் தொகை.

முதலாளியிடம் சொல்ல வேண்டியது இதுதான். விருந்தினரை வண்டியில்தான் கொண்டுபோக வேண்டுமென்றால் அதற்கென்று செய்யப்பட்டது வேறு. இரண்டு பேருக்கான ஏ.டி.வி. உண்டு. கனடாவின் பொம்பார்டியர் 2002 வாக்கிலேயே அப்படி ஒன்றை விட்டது, இப்போது கேன்-அம், பொலாரிஸ் போன்றவை விற்கின்றன. அதில் சக்கர இடைவெளி நீளம். பின்னால் இருப்பவருக்கு முதுகுச்சாய்வு, கைப்பிடி, கால் வைக்கும் தட்டு எல்லாம் உண்டு. அதிலும் பின்னால் 12 வயதுக்குக் குறைந்தவரை ஏற்றக் கூடாது என்பதே உற்பத்தியாளர் விதி. அதைவிட நல்லது பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் வகை. ஸ்டியரிங், சீட் பெல்ட், தலைக்கு மேல் இரும்புக் கூடு உள்ளது. விலையைக் கேட்டால் முதலாளிக்குத் தலை சுற்றும். அப்படியானால் விருந்தினரை நடத்திக் கூட்டிப்போகச் சொல்லுங்கள். மடுல்கலை, ஹுலுகங்கைப் பக்கம் வருகிறவர்கள் நக்கிள்ஸ் மலையைப் பார்க்க வருகிறார்கள். நாற்றமும் இரைச்சலுமாகப் புகைக்குழாய்க்கு மேலே உட்கார்ந்து போவதற்கு அவர்கள் ஆயிரக்கணக்கான மைல் தாண்டி வரவில்லை. கூட நடந்து, கொழுந்து எடுக்கும் இடத்தைக் காட்டி, நாலு கதை சொல்ல உங்களுக்குத் தெரிந்தால் அதற்கு நல்ல காசும் கேட்கலாம்.

கேட்கச் சங்கடமான இன்னொன்றையும் கேளுங்கள். விருந்தினருக்கு அடிபட்டால் பொறுப்பு யாருக்கு? ஓட்டியவர் நீங்கள். உற்பத்தியாளர் செய்யாதே என்று எழுதி ஒட்டியதைச் செய்திருக்கிறீர்கள். காப்புறுதிக் கம்பனி முதலில் அந்த ஒட்டுப்பத்திரத்தைத்தான் தேடும். வேலை நேரத்தில் உங்களுக்கு அடிபட்டால் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் இருக்கிறது, 1934 ஆம் ஆண்டிலிருந்தே. ஆனால் வாயால் சொன்ன கட்டளையை நாளைக்கு முதலாளி மறுத்தால் கையில் எதுவும் இருக்காது. எழுத்தில் தரச் சொல்லுங்கள். அநேகமாக, எழுதித் தரச் சொன்ன அன்றே திட்டம் நின்றுவிடும்.

அம்மாவின் விஷயத்துக்கு வருகிறேன், அதுதான் உங்களுக்கு முக்கியம் என்று கடிதமே சொல்கிறது. முழங்கால் வலி உள்ள ஒருவர் அந்த அகலச் சீட்டில் இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காருவதே வேதனை. இறக்கத்தில் அவர் உடம்பு முழுவதும் உங்கள் முதுகில் வந்து அழுத்தும். தாங்கிக்கொள்ள அவருக்கு இருப்பது கால்கள்தான், அந்தக் கால்கள்தான் வலிக்கின்றன. அரைவழியில் நிறுத்தி இறக்கவும் முடியாது. பக்கவாட்டில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தால் இன்னும் மோசம்.

பாதை அகலமாக இருந்தால், காய்ந்த நாளில் திரீவீல் எதுவரை ஏறும் என்று பாருங்கள். மேல்கணக்கில் கிளினிக் போகிற இன்னும் நாலு பேர் இருப்பார்கள். சேர்ந்து அந்த ஒரு நாளுக்கு வண்டி பேசினால் ஆளுக்கு விழும் தொகை குறையும். தோட்ட டிஸ்பென்சரியில் சொல்லி, கிளினிக் நாளில் தோட்ட வாகனம் ஒன்றை மேலே அனுப்பும்படி துரைக்கு எல்லோரும் கையெழுத்திட்டுக் கடிதம் கொடுங்கள். தொழிற்சங்கத் தலைவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவசரம் என்றால் 1990 சுவசெரிய இருக்கிறது, காசில்லை. மேலே வரை ஏற முடியாவிட்டாலும் ஏறக்கூடிய இடம் வரை வரும். அங்கே வரை நாற்காலியிலோ கம்பளியிலோ நாலு பேர் தூக்கி வருவது, ஏ.டி.வி.யின் பின்னால் வைத்துக் கொண்டுவருவதைவிட எவ்வளவோ பாதுகாப்பானது. நம் மலைகளில் அது புதிதும் இல்லை. ஒக்டோபர், நவம்பர் மழையில் பாதை வழுக்கும்போது தூக்குபவர் எண்ணிக்கையைக் கூட்டுங்கள்.

நீங்கள் தனியாக அந்த வண்டியை ஓட்ட நேர்ந்தால், தலைக்கவசம், கணுக்காலை மூடும் சப்பாத்து, சமதரையில் போதிய பழக்கம். சரிவுக்குக் குறுக்கே போகாதீர்கள்.

கேள்வி: சுற்றுலா போன இடத்தில் எங்கள் ஆறு வயது மகனை ஏ.டி.வி.யில் அப்பாவுக்கு முன்னால், இரண்டு கைகளுக்கும் நடுவில் உட்காரவைத்தார்கள். பின்னால்தான் ஆபத்து, முன்னால் கைக்குள் இருந்தால் பயமில்லை என்றார்கள். உண்மையா?

— ஓர் அம்மா, ஹுலுகங்கை

பதில்: இல்லை, தங்கச்சி. முன்னால் இருப்பது சில விதங்களில் அதைவிட மோசம். பிள்ளை இருக்கும் இடம் ஹேண்டிலுக்கும் அப்பாவின் நெஞ்சுக்கும் நடுவில். வண்டி எதிலாவது முட்டினால் அப்பாவின் 70 கிலோவும் பிள்ளையை ஹேண்டிலில் வைத்து நசுக்கும். வயிற்றுக்குள் ஈரல், மண்ணீரல் கிழியும் காயங்கள் வெளியில் தெரியாது. பிள்ளை எழுந்து நடக்கும், விளையாடும், பிறகு மயங்கும். அப்படி முட்டுப்பட்ட பிள்ளையை உடனே வைத்தியசாலையில் காட்ட வேண்டும்.

பிள்ளை கையை நீட்டினால் எட்டுவது கட்டைவிரல் எக்ஸலேட்டர். ஹேண்டிலை முழுக்கத் திருப்ப அதன் முழங்கால் தடுக்கும். ஏற்றத்தில் அப்பா முன்னால் குனிய இடமில்லை. அமெரிக்காவில் ஏ.டி.வி.யால் காயப்படுகிறவர்களில் ஏறத்தாழக் கால் பங்கினர் 16 வயதுக்குக் குறைந்தவர்கள். பெரியவர்களுக்கான அளவு வண்டிக்கு 16 வயது வேண்டும் என்பது உற்பத்தியாளர்களே போட்ட எல்லை. ஆறு வயதுக்கென்று சின்ன இன்ஜினோடு தனி வண்டிகள் உண்டு. அவையும் வேலி போட்ட சமதரையில், பெரியவர் பக்கத்தில் நிற்க, பிள்ளை தனியாக ஓட்டுவதற்கு. அடுத்த முறை பிள்ளை அழுதால், நிறுத்தி வைத்த வண்டியில், சாவியைக் கையில் எடுத்துவைத்துக்கொண்டு, படம் பிடித்துக் கொடுங்கள். பிள்ளைக்கு வேண்டியதும் அநேகமாக அதுதான்.

கேள்வி: என்னுடைய வெல்டிங் கடைக்கு ஏ.டி.வி. கொண்டுவந்து, பின் ராக்கில் சீட்டும் சாய்வும் கால்கட்டையும் பொருத்தித் தரச் சொல்கிறார்கள். பலமாகச் செய்து கொடுத்தால் சரிதானே?

— கடைக்காரர், வத்தேகம

பதில்: நீங்கள் பலமாகத்தான் செய்வீர்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் உடையப்போவது சீட் அல்ல. ராக்கின் மேல் சீட் வைத்தால் ஆள் உட்காரும் இடம் வண்டியின் சொந்தச் சீட்டைவிட உயரம், பின் அச்சுக்கும் பின்னால். முதல் கேள்விக்குப் போட்ட கணக்கில் நான் எடுத்ததைவிட மோசமான இடம் அது. சக்கர இடைவெளியை நீட்டாமல், பின் ஸ்பிரிங்கை மாற்றாமல் ஒரு சீட்டை மட்டும் கூட்டுவதால் அது இரண்டாம் வகை வண்டியாகிவிடாது. சாய்வும் கால்கட்டையும் இருந்தால் ஆளுக்கு நம்பிக்கை வரும், அவ்வளவுதான். அந்த நம்பிக்கையில் இன்னும் செங்குத்தான இடத்துக்குப் போவார்கள். வேலையை ஏற்காதீர்கள்.

வந்தவரைச் சும்மா அனுப்பவும் வேண்டாம். டயரில் எவ்வளவு காற்று அடித்திருக்கிறார் என்று கேளுங்கள். பெரும்பாலான ஏ.டி.வி. டயர்களுக்கு 3 முதல் 7 பி.எஸ்.ஐ. போதும், சரியான எண் வண்டியிலேயே ஒட்டியிருக்கும். மோட்டார் சைக்கிளுக்கு அடிக்கிற பழக்கத்தில் 25, 30 அடித்துவிடுகிறார்கள். அப்போது டயர் பந்துபோலத் துள்ளும், தரையைப் பிடிக்காது. உங்கள் கடையில் இருக்கும் சாதாரண மானி அவ்வளவு குறைந்த அளவைச் சரியாகக் காட்டாது. தாழ் அழுத்த மானி ஒன்று வாங்கி வையுங்கள். நாலு டயரையும் சரிபார்த்து, இடது வலது சமமாக இருக்கிறதா என்று பார்த்து, முன் பிரேக் பிடிக்கிறதா என்றும் ஓட்டிப் பார்த்து, அதற்குக் கூலி வாங்கிக்கொள்ளுங்கள்.